கண்ணும் காமிராவும்

புதிதாகக் காமிரா வாங்க எண்ணுகிறவர்கள் என்னிடம் வந்து, "எதை வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கம். மைசூரில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, ஓய்வு நேரத்தில் படம் பிடித்து வருகிறவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. இருந்தாலும் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாக ஆலோசனை வழங்கி வந்தேன். லென்ஸின் நீளம் இவ்வளவு, விலை இவ்வளவு, தவணையில் கிடைக்கும் கடை இது என்ற அளவிலேயே என் ஆலோசனை நின்றுவிடும். "எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் எனக்கு உதித்ததில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவன் பதினேழு வயதுப் பையன் ஒருவன். கேட்ட இடம் மார்டள்ளி.

மார்டள்ளியை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். மைசூரிலிருந்து கொள்ளேகாலம், ஹனூர் வழியாக மாதேசுவர மலைப் பக்கம் செல்லும்போது, காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர். பையன்கள் பள்ளியில் கன்னடம் படிப்பார்கள். வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போடுவார்கள். கொள்ளேகால வட்டம் 1956 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. பின்னர் 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது, இந்தப் பகுதி அதன் பங்குக்குப் போயிற்று. நம்மில் பலர் ரயிலேறி வெளி மாநிலத்துக்கு வந்தவர்கள். இவர்களோ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வெளி மாநிலத்தவர் ஆனார்கள்.

வெளியுலகம் இந்தப் பக்கத்தைக் கண்டதெல்லாம் பத்திரிகைப் படங்களின் மூலமாகத்தான். வீரப்பனைத் தேடிய காலத்தில், அதாவது 2004 வரையில், துப்பாக்கி ஏந்திய போலீஸாரும் புதர்க்காடும் படங்களில் வந்தன. பிறகு 2018 டிசம்பரில், பக்கத்துச் சூளுவாடியில் மாரம்மன் கோயில் பிரசாதத்தில் விஷம் கலந்திருந்து, உண்டவர்களில் பலர் இறந்தனர். அப்போது ஆஸ்பத்திரி வாசலில் அழும் பெண்களின் முகங்கள் வந்தன. உயர்ந்த காமிராக்களில் எடுத்த, துலக்கமான படங்கள் அவை. பொய் என்றும் சொல்ல முடியாது. ஆயினும் அந்தப் பெண்கள் மற்ற நாட்களில் என்ன செய்கிறார்கள், எதற்காகப் பொழுது விடியுமுன் எழுந்திருக்கிறார்கள் என்பதை அவற்றிலிருந்து ஒருவர் ஊகிக்கவும் முடியாது.

நானும் அங்கே நல்ல எண்ணத்தோடு போனேன் என்று பெருமை அடித்துக்கொள்வதற்கில்லை. யானையைப் படம் பிடிக்கப் போனேன். என் சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்து, வீட்டில் உண்மையான விலையில் பாதியைச் சொல்லி, 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தேன். எடை இரண்டு கிலோ. அதை வாங்கிய பிறகு, அதற்கு ஏற்ற ஒரு மிருகம் தேவைப்பட்டது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் காட்டைவிட்டு வயலுக்கு இறங்கும் என்று மார்டள்ளி நண்பர் ஒருவர் சொன்னார். டிசம்பர் மாதத்தில் அவருடைய உறவினர் வீட்டில் போய் இறங்கினேன்.

அந்த வீட்டில் ஒரு கிழவியும், அவளுடைய மகனும், பேரனும் இருந்தார்கள். பேரன்தான் நான் சொன்ன பையன். நான் பெட்டியைத் திறந்து லென்ஸை எடுத்து வெளியே வைத்ததும் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"ஐயா, இதை வைத்து எதைப் பிடிக்கப் போகிறீர்கள்?"

"யானையைத்தான் தம்பி."

"யானை ராத்திரியில் அல்லவா வரும்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அன்று இரவும் மறுநாள் இரவும் வயலோரத்து மரத்தில் கட்டியிருந்த பரணில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பனி கொட்டியது. கீழே கட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. தகர டப்பாவும் வெடியும் தயாராக இருந்தன. இரண்டாம் நாள், விடியற்காலை மூன்று மணி இருக்கும், பையனுடைய தகப்பனார் என் முழங்காலைத் தொட்டு மெல்ல அமுக்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, இருட்டுக்குள்ளே இன்னும் கனத்த இருட்டு ஒன்று நகர்வதுபோல் இருந்தது. கதிரைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறும் ஓசை கேட்டது. நான் லென்ஸைத் தூக்கி விசையை அழுத்தினேன். பல தடவை அழுத்தினேன். பிறகு டப்பாவும் கூச்சலும் எழுந்தன. இருட்டு தன் வழியே போய்விட்டது.

காமிராவின் பின்புறத்தில் பார்த்தால், நாற்பது படங்களிலும் சாம்பல் பூசிய கறுப்பு. இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. என் நீண்ட லென்ஸ் முழு நீளத்தில் 6.3 என்ற அளவுக்கு மேல் வாய் திறவாது. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர்ச் சிறு லென்ஸ் 1.8 வரையில் திறக்கும். அந்த எண் குறையக் குறைய வாய் பெரிது. 6.3ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 12 வரும். என் சேமநல நிதி முழுவதையும் விழுங்கிய லென்ஸ், சின்ன லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விட்டது. போதாததற்கு, நீண்ட லென்ஸில் கையின் நடுக்கமும் பெரிதாகும். யானை இரவில் வரும் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதை விசாரிக்காமல் நான் தொலைவுக்கான கருவியை வாங்கினேன். அங்கே எனக்குத் தூரம் ஒரு தடையாகவே இருக்கவில்லை. யானை வெகு அருகில் நின்றது. தடை இருள்தான்.

விடிந்ததும் பரணிலிருந்து இறங்கினோம். கேழ்வரகில் ஒரு பகுதி பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. கிழவி அதற்குள் வந்திருந்தாள். யாரையும் திட்டவில்லை. மிதிபட்ட தட்டைகளுக்கிடையில் குந்தி உட்கார்ந்து, சேதமில்லாத கதிர்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் தன் கைப்பேசியை எடுத்தான். அதன் கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். வனத்துறைக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுதும் விண்ணப்பத்தோடு இணைப்பதற்காகப் படம் வேண்டும் என்றான்.

எடுத்த முறையை நான் நின்று பார்த்தேன். உடனே எடுக்கவில்லை. வெயில் வரட்டும் என்று காத்திருந்தான். வெயில் மலைவிளிம்பைத் தாண்டி வயலில் சாய்வாக விழுந்தபோது, ஈரமண்ணில் ஆழப் பதிந்திருந்த ஒரு காலடியின் அருகே தரையோடு தரையாகப் படுத்தான். "ஆயா, இங்கே கையை வை" என்றான். கிழவி, "எனக்கு வேலை இருக்குதடா" என்று முனகிக்கொண்டே, ஒரு கையால் மடியைப் பற்றியபடி மற்றக் கையை விரித்து அந்தச் சுவட்டின் விளிம்பில் ஊன்றினாள். ஒரே படம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"ஏன் தம்பி படுத்துக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் மத்தியானத்தில் நின்றபடி எடுத்தேன், ஐயா. படத்தில் வெறும் மண்தான் தெரிந்தது. கால் தெரியவில்லை. காலையிலே எடுத்தால் குழியில் நிழல் விழும். கையை வைத்தால்தான் எவ்வளவு பெரிய கால் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்."

அந்தப் படத்தைக் கண்ணாடிக் கீறலுக்கு அடியில் பார்த்தேன். பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு காலடி. அதன் விளிம்பில் பிரம்மாண்டமான நிழல். நகங்களில் மண் அப்பிய, சுருக்கம் விழுந்த ஒரு கை அதன் கரையில் சிறிதாக இருந்தது. அதற்குப் பின்னால், தெளிவில்லாமல், மடியில் கொஞ்சம் கதிர். கிழவியின் முகம் படத்திலேயே இல்லை. யானையும் இல்லை. ஆனால் நான் இரண்டு இரவு விழித்திருந்து பிடிக்க முடியாத யானை அதில் முழுசாக நின்றது. யானையின் முன்காலடிச் சுற்றளவை இரட்டித்தால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. அவன் தகப்பனார் கயிறு வைத்து அளந்தார், நாலரை அடி. ஒன்பது அடி யானை!

திரும்பும்போது பஸ்ஸில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டு வந்தேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன் அவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டு, அதன் பிறகு யாரிடமும் சம்பளம் வாங்காமல், எழுத்தையும் காட்டையும் நம்பி வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புகள் 1996இல் அவர் இறக்கும் வரையில் வந்தன. தமிழிலும் எழுதினார், சித்திரமும் வரைவார். யானை, காட்டெருமை, புள்ளிமான் இவற்றைப் பற்றித் தென்னிந்தியாவில் அவருக்குச் சமமாக நேரில் கண்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இத்தகையவரின் காமிரா எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கடையில் அப்படியொன்று கிடைக்காது. வேறு வேறு இடத்து உறுப்புகளைத் தம் கையாலேயே ஒன்றோடொன்று பொருத்தி அவர் உண்டாக்கிக்கொண்ட ஒரு விசித்திரப் பிராணி அது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று அவரே கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். பெயரிலேயே அதன் பாரம் தெரியும். இதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், பழக்கிய யானைமேல் ஏறியும் காட்டுக்குள் போவார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணப் படங்கள் வந்து குவிந்த காலத்திலும் அவர் மாறவில்லை. அந்தப் படங்களில் யானை தனியாக வெட்டி ஒட்டியதுபோல் நிற்பதில்லை. அது நிற்கும் மூங்கிலும் புல்லும், பக்கத்தில் நிற்கும் அதன் உறவும் சேர்ந்தே இருக்கும். அடுத்தபடி அது என்ன செய்யும் என்பதை அறிந்தவரின் படங்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

கிருஷ்ணனை உதாரணம் காட்டி, "பார்த்தீர்களா, காமிரா எதுவானால் என்ன?" என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படிப் பேசியவன்தான். யோசித்துப் பார்த்தால் இது தவறு. காமிரா எதுவானாலும் சரி என்று எண்ணுகிறவர், உட்கார்ந்து ஒன்றைக் கட்டிச் சேர்த்திருக்க மாட்டார். கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். தமக்கு வேண்டியது இன்னது என்பதை அவர் காட்டில் முதலில் கண்டுகொண்டார். கடையில் அது இல்லாதபோது தாமே செய்துகொண்டார். மார்டள்ளிப் பையனும் தனக்கு வேண்டியதை முதலில் அறிந்திருந்தான்: அந்த இடத்துக்கு வராத ஒருவர் இதை நம்ப வேண்டும். அதற்குக் காலை வெயிலும் ஆயாவின் கையும் போதும் என்று கண்டுகொண்டான். நான் ஒருவன்தான் கருவியை முதலில் வாங்கிவிட்டு, வேலையைப் பிறகு தேடியவன்.

பிரெஞ்சுக்காரரான கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி உடல் நீங்கிய மாதம் அது. உலகத்தின் தலைசிறந்த புகைப்படக்காரர்களுள் ஒருவராகிய அவர் பெரும்பாலும் கையாண்டது ஒரே சிறு லைக்கா காமிரா, ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ். காமிராவின் பளபளப்பு எவர் கண்ணையும் இழுக்கக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருப்பார். நம்மவர்கள் புதுக் காமிராவை வாங்கியதும், கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் தெரியும் வாரை வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்கிறோம்!

எங்கள் மைசூரிலேயே டி. எஸ். சத்யன் இருந்தார். 1923இல் இங்கே பிறந்து, நாடெங்கும் திரிந்துவிட்டு, இங்கேயே 2009இல் மறைந்தவர். மைசூரில் குடியிருந்த நம் ஆர். கே. நாராயணனுக்கு நண்பர்; அவரைப் படம் பிடித்தவர். பிரதம மந்திரிகளையும் சத்யன் எடுத்திருக்கிறார். ஆயினும் அவர் பெயர் நிற்பது தெருவில் விளையாடும் குழந்தைகளையும் வேலை செய்யும் எளிய மக்களையும் எடுத்த படங்களால்தான். சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979இல், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் அவருடைய குழந்தைப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் குழந்தைகள் எல்லாத் தெருவிலும் எல்லோர் கண்ணிலும் பட்டவர்கள்தான்.

நல்ல கருவியை நான் குறைத்துப் பேசுவதாக நேயர்கள் எண்ண வேண்டாம். பையனுடைய கைப்பேசியால் இரவில் அந்த யானையை எடுத்திருக்க முடியாது. விரல் நகத்தைவிடச் சிறிய தகட்டில் இருட்டில் விழும் ஒளி எவ்வளவு? ஊர்த் திருவிழாவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிற்கும் முகங்களை எடுக்க விரும்புகிறவருக்கு வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். தூரத்து மரக்கிளையில் இருக்கும் பறவையை எடுக்க விரும்புகிறவருக்கு என் இரண்டு கிலோவே வேண்டும். பறவை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அதை இரவல் கொடுத்திருக்கிறேன். அவர் கையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது.

என் தகப்பனாருக்கு இந்தக் கவலைகள் இல்லை. சேலத்துப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர். அவரிடம் அக்ஃபா கிளிக் பெட்டிக் காமிரா ஒன்று இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஒரு சுருள் பொங்கலில் தொடங்கி ஆடி வரையில் வரும். அவர் மைசூர் அரண்மனையை ஒரு தடவையும் எடுத்ததில்லை. ஊரில் இருந்த என் பாட்டிக்கு அவர் அனுப்பிய முதல் படத்தில், எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை வாசலில் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நிறைந்த தண்ணீர்க் குடம், அதற்கு மேலே அரிசி டின். "பையனை வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று என் தாயார் கேட்டாளாம். "அம்மா பையனை மட்டுமா பார்ப்பாள்? டின்னையும் பார்ப்பாள்" என்றாராம் தகப்பனார். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்து இன்று ஒரு நாளில் நூறு படங்கள் ஊருக்குப் பறக்கின்றன. அவற்றில் அரிசி டின் தெரியும் படம் எத்தனை இருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு மறுபடியும் மார்டள்ளிக்குப் போனேன். லென்ஸை எடுத்துச் செல்லவில்லை. பையனிடம் கேட்டு வாங்கிய அந்தப் படத்தை மைசூரில் பெரிதாகப் பிரதி எடுத்துக் கொண்டுபோனேன். நஷ்ட ஈடு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். கிழவி படத்தைத் திண்ணை வெளிச்சத்தில் தூரமாகவும் கிட்டவும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேரனைத் திரும்பிப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள்:

"நகமெல்லாம் மண்ணு. முன்னாலேயே சொல்லியிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வந்து வைத்திருப்பேனே!"

பையன் படத்தை வாங்கினான். சுவரில் மாட்டுவான் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய், பட்டாவும் விண்ணப்ப நகலும் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அவற்றின்மேல் வைத்து மூடினான்.